பன்னிரண்டு துண்டில் ஒரு வளையம்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் நிகழ்த்திய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் இங்கு தரப்படுகிறது.)



என்னை மேடையில் ஏற்ற வேண்டும் என்று எமது செயலாளர் மூன்று வருடமாக முயற்சி செய்துகொண்டிருந்தார். உளி பிடிக்கிற கைக்கு மைக் பிடிக்க வராது என்று சொல்லித் தப்பிக்கொண்டு திரிந்தேன். இந்த முறை அவர் ஒரு கெட்டித்தனம் செய்தார். நான் செய்து கொடுத்த கிண்ணத்தில் வெற்றிலையையும் நாணயங்களையும் வைத்து, காலையில் உங்கள் எல்லோருக்கும் அதிலிருந்துதான் கைவிசேஷம் கொடுப்பித்தார். அதோடு தொடங்கியது. "அண்ணை, இது எந்தக் கடையில வாங்கினது?" என்று ஒருவர். ஒரு அக்கா நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கறுப்பும் வெள்ளையும் பெயின்ற் அடிச்சதோ?" என்று கேட்டா. ஆளாளுக்குப் பதில் சொல்வதைவிட மேடையில் ஒருமுறை சொல்லிவிடலாம் என்று ஏறிவிட்டேன்.

பெயின்ற் இல்லை. எல்லாம் மரத்தின் சொந்த நிறம். வெள்ளையாய்த் தெரிவது மேப்பிள். கறுப்பு மண்ணிறமாய் இருப்பது கறுப்பு வால்நட். நடுவில் சிவப்பாய் ஓடுகிற வளையம் செரி. மூன்றும் இந்தத் தென் ஒன்ராறியோ மண்ணில் வளர்கிற மரங்கள். கிண்ணத்தைக் கைக்குக் கை மாற்றிப் பாருங்கோ. ஒரு வளையத்துக்கு 12 துண்டு, மொத்தம் 7 வளையம், ஆக 84 துண்டு. அடித்தட்டோடு 85. அந்த அடித்தட்டைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன். அதற்கு முதல், இது எப்படி என் கைக்கு வந்தது என்று சொல்ல வேண்டும்.

வலிகாமத்தில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு கடைச்சல் பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கட்டில் காலோ கதிரைக் காலோ படுத்திருக்கும். அதைச் சுற்றி ஒரு கயிறு. ஆசாரியாரின் மகன் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்து மாறி மாறி இழுப்பான். கால் முன்னுக்கும் பின்னுக்கும் சுழலும். முன்னுக்குச் சுழலும்போது ஆசாரியார் உளியை வைப்பார், பின்னுக்குச் சுழலும்போது எடுப்பார். முதிரை மரம் மஞ்சள் சுருளாய்ப் பறக்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். பிறகு அப்பாவிடம் அடி வாங்குவேன். அப்பா கந்தோரில் கிளாக்கர். "தச்சன்ர கொட்டில்லை உனக்கு என்ன வேலை?" என்பதுதான் அவருடைய கேள்வி.

எங்கள் விறாந்தையில் நாலு கதிரை. நாலுக்கும் கால் கடைந்தது அந்த ஆசாரியார்தான். வீட்டில் வேலை இருந்தால் வருவார், முடிந்ததும் அம்மா தேத்தண்ணி கொடுப்பா. அவர் தான் செய்த கதிரையில் ஒருநாளும் இருந்ததில்லை. குந்தின் ஓரத்தில் இருந்துதான் குடிப்பார். "கதிரையில இருங்கோ" என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதும் இல்லை. இன்றைக்கு உங்கள் முன்னால் ஆசாரியார் என்று சொல்கிறேன். அன்றைக்கு ஏழு வயதில் நான் அவரை "ஆசாரி" என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் "தம்பி" என்பார்.

1988இல் நான் இங்கே வந்து சேர்ந்தேன். அந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விடுவம். அடுத்த வருடம் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்தது. கூட்டித் துடைக்கிற வேலை. ஊருக்கு எழுதிய கடிதத்தில் "சுப்பவைசர்" என்று எழுதினேன். இங்கே இருக்கிறவர்களில் பலபேர் சிரிக்கிறீர்கள். நீங்களும் அப்படி ஏதாவது எழுதியிருப்பீர்கள்!

அந்தத் தொழிற்சாலையில் நான் கூட்டிக் குப்பையில் போட்டது எல்லாம் நல்ல மரம். முக்கால் அங்குலத் தடிப்பில், மூன்று அங்குலம், நாலு அங்குலம் நீளத்தில் வெட்டித் தள்ளிய மேப்பிளும் வால்நட்டும். ஊரில் ஒரு துண்டு முதிரைக்கு எவ்வளவு மரியாதை என்று எனக்குத் தெரியும். இதைப் போய்க் குப்பையில் போட மனம் வரவில்லை. அங்கே ஒரு வயதான இத்தாலிக்காரர் லேத்தில் வேலை செய்தவர். என் கையில் துண்டுகளைக் கண்டுவிட்டு, வேலை முடிந்த பிறகு கூப்பிட்டு, துண்டுகளை ஒட்டி வளையமாக்கி, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கடைகிற முறையைக் காட்டித் தந்தார். எனக்கும் இங்கிலிஷ் தெரியாது, அவருக்கும் அவ்வளவு தெரியாது. மரத்தைக் காட்டினால் போதும்தானே.

சிலர் கேட்பீர்கள், ஏன் துண்டு துண்டாய் ஒட்டுவான், ஒரு கட்டையிலேயே கடையலாமே என்று. கடையலாம். ஆனால் 10 அங்குலக் கிண்ணத்துக்கு அதைவிடப் பெரிய கட்டை வேண்டும். பச்சை மரம் காய மாதக்கணக்காகும். காயும்போது கோணும், வெடிக்கும். துண்டு முறையில் மற்றவன் எறிகிற மரம் போதும். அதோடு கறுப்பையும் வெள்ளையையும் நினைத்த இடத்தில் வைக்கலாம்.

கணக்கு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஒரு வட்டம் 360 பாகை. 12 துண்டு என்றால் துண்டுக்கு 30 பாகை. ஒரு துண்டுக்கு இரண்டு பக்கம் வெட்டு, ஆகவே ஒரு வெட்டு 15 பாகை. துண்டு எவ்வளவு நீளம்? கிண்ணத்தின் விட்டத்தை 0.268ஆல் பெருக்குங்கோ. 10 அங்குல வளையத்துக்கு 2.68 அங்குலம், இரண்டேமுக்காலுக்குக் கொஞ்சம் குறைய. அவ்வளவுதான் கணக்கு.

கணக்கு சுகம், வாள்தான் கஷ்டம். ஒரு வெட்டில் கால் பாகை பிழைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு வளையத்துக்கு 24 வெட்டு. 24 கால், 6 பாகை. கடைசித் துண்டை வைக்கும்போது 10 அங்குல வளையத்தின் வெளி விளிம்பு அரை அங்குலம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். என்னுடைய முதல் வளையம் அப்படித்தான் நின்றது. நான் பசையை அள்ளிப் பூசி, இறுக்கிக் கட்டி மூடப் பார்த்தேன். அந்த மூட்டு மூடியது, அதற்கு எதிர்ப்பக்க மூட்டு திறந்தது! இத்தாலிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அதற்கும் வழி காட்டினார். 12ஐயும் ஒரே தரத்தில் ஒட்டக்கூடாது. ஆறு ஆறாக இரண்டு அரை வளையம் ஒட்ட வேண்டும். பசை காய்ந்த பிறகு அந்த இரண்டு அரை வளையத்தின் முனைகளையும் நேராகத் தேய்த்துவிட்டு ஒன்று சேர்க்க வேண்டும். சின்னச் சின்னப் பிழை எல்லாம் அந்த இரண்டு இடத்தில் தேய்ந்து போய்விடும்.

இன்னொன்றும் கவனிக்க வேணும். துண்டுகளின் முனையோடு முனை ஒட்டுகிற மூட்டு பலமில்லாத மூட்டு. மரத்தின் நார் வெட்டுப்பட்ட முனையில் பசை சரியாகப் பிடிக்காது. தனி வளையத்தை எடுத்து முழங்காலில் அடித்தால் முறியும். அப்படியென்றால் கிண்ணம் எப்படி நிற்கிறது? மதில் கட்டுகிற மேசனைக் கேளுங்கோ. கீழ் வரிசையில் மூட்டு வருகிற இடத்துக்கு மேலே அடுத்த கல்லின் நடுவை வைப்பான். இங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு வளையத்தையும் அரைத் துண்டு திருப்பி ஒட்ட வேண்டும். கீழே உள்ள மூட்டை மேலே உள்ள துண்டு பிடித்துக்கொள்ளும். பலம் மேலும் கீழும் உள்ள வளையங்களில்தான் இருக்கிறது.

கடைகிறபோது கவனம். இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். முகத்துக்கு முழு மறைப்பு இல்லாமல் லேத்துக்குக் கிட்டப் போகக்கூடாது. கண்ணாடி மட்டும் காணாது. ஒட்டின மரம் பிரிந்தால் துண்டு துவக்குச் சன்னம் மாதிரி வரும். வளையம் சுழலுகிற நேர்கோட்டில் நிற்காமல் பக்கத்தில் நின்றுதான் லேத்தைப் போட வேண்டும். வேகத்துக்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும். 10 அங்குலத்துக்கு 600 முதல் 900 சுற்று. முதலில் அதைவிடவும் மெதுவாகத் தொடங்குங்கோ. தூசுக்கு மூக்குமூடி கட்டாயம். வால்நட் தூசு சிலபேருக்குத் தோலில் கடிக்கும். கடைசியில் தேய்க்கும்போது கறுப்புத் தூள் வெள்ளை மேப்பிளுக்குள் இறங்கி ஊத்தையாக்கும். துணியால் துடைத்தால் இன்னும் உள்ளே போகும். காற்று அடித்து ஊதித் தள்ள வேண்டும்.

இப்போது அடித்தட்டுக்கு வருகிறேன்.

என் முதல் கிண்ணத்தை 1992 ஆவணியில் முடித்தேன். அடிக்கு 6 அங்குல வட்டத்தில் ஒரே பலகையாக நல்ல மேப்பிள் தட்டு. வளையத்தோடு சுற்றிவரப் பசை பூசி, அசையவே கூடாது என்று இறுக்கி ஒட்டினேன். அவ்வளவு பெருமை! அப்பாட்மென்ற்றில் ரீவிக்கு மேலே வைத்தேன். வந்தவர்கள் பார்த்தார்கள். தை மாதம் ஒருநாள் இரவு, வெளியே கொட்டுகிற குளிர், உள்ளே ஹீற்றர் ஓடுகிறது, "படார்" என்று ஒரு சத்தம். நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டு எழும்பிவிட்டோம். அந்த நேரத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் எங்களுக்கு வேறு நினைவுதானே வரும். மனைவி பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டா. லைற்றைப் போட்டுப் பார்த்தால் கிண்ணத்தின் அடி நடுவால் பிளந்து கிடக்கிறது.

ஏன் பிளந்தது? மரம் நீளப்பாட்டுக்குக் கிட்டத்தட்டச் சுருங்காது. அகலப்பாட்டுக்குத்தான் சுருங்கும். பச்சை மேப்பிள் முற்றாகக் காயும்போது அகலப்பாட்டில் நூற்றுக்கு 10 வீதம் வரை சுருங்கக்கூடியது. காய்ந்து வேலைக்கு வந்த பிறகும் கோடையில் ஈரத்தை இழுக்கும், வின்ரரில் ஹீற்றர் காற்றுக்கு விட்டுவிடும். மரத்தின் ஈரம் 12 வீதத்திலிருந்து 6 வீதத்துக்கு இறங்கினால், 6 அங்குல மேப்பிள் தட்டு ஒரு அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். ஆனால் சுற்றியிருக்கிற வளையத்தில் நார் வட்டத்தோடு ஓடுகிறது. ஆகவே வளையம் சுருங்காது. தட்டு சுருங்கப் பார்க்கிறது, வளையம் விடமாட்டேன் என்கிறது, நடுவில் பசை. மரம் தோற்றது.

அந்தப் பிளந்த அடியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டுக்கு முன்கதவு போட்டார்கள். சட்டம் அடித்து நடுவில் பலகை வைத்த கதவு. அதே ஆசாரியார்தான் செய்தவர். சட்டத்தில் ஒரு தவாளிப்பு வெட்டி அதற்குள் நடுப்பலகையைச் செருகினார். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. நான் கேட்டேன், "ஆசாரி, பலகைக்கு ஆணி அடிக்கேல்லையே, ஆடாதோ?" அவர் சீவுளியை நிப்பாட்டாமலே சொன்னார்: "ஆடட்டும் தம்பி. மாரிக்குப் பலகை ஊதும், கோடைக்குச் சுருங்கும். அதுக்கு இடம் விடாட்டி வெடிச்சுப் போம்."

அவ்வளவுதான். இத்தாலிக்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டேன், அவரும் அதையேதான் காட்டினார். முதல் வளையத்தின் உட்பக்கம் ஒரு தவாளிப்பு. அடித்தட்டின் விளிம்பை மெல்லிதாக்கி அதற்குள் வைத்து, மேல் வளையத்தை ஒட்டி மூட வேண்டும். தட்டுக்குப் பசை கிடையாது. சுற்றிவரக் கொஞ்சம் இடம் விட வேண்டும். இப்போது உங்கள் கையில் இருக்கிற கிண்ணத்தின் அடியைக் காதுக்குக் கிட்ட வைத்து ஆட்டிப் பாருங்கோ. ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அது பிழை இல்லை. அந்த ஆட்டம் இருப்பதால்தான் அது இத்தனை வின்ரருக்கு நிற்கிறது.

இந்த அறிவு எனக்கு ஊரிலேயே ஒன்பது வயதில் கிடைத்துவிட்டது. நான் அதை வைத்துக்கொள்ளவில்லை. ஏன்? சொன்னவர் குந்தில் இருக்கிறவர். அவர் சொல்வது படிப்பு என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடல் தாண்டி வந்து, ஒரு வெள்ளைக்காரர் சொன்ன பிறகுதான் எனக்கு அது அறிவாய்த் தெரிந்தது. அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நிறம் மாறின மரங்களைச் சேர்த்து அழகு பார்ப்பதும் எமக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் எங்கள் தீவின் காலிப் பகுதியில் கருங்காலி, முதிரை, பலா என்று பலவகை மரத்தை இழைத்துச் செய்த மேசைகளும் பெட்டிகளும் ஆங்கிலேயர் ஆசையாய் வாங்கிக்கொண்டு போன சாமான்கள். செய்த கைகளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லலாமோ என்று இரவு முழுக்க யோசித்தேன்.

1997இல் என் மகன் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் மரவேலைப் பாடம் எடுக்க விரும்பினான். படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அந்த நேரம் நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் லேத்தில் நின்றுகொண்டிருந்த ஆள். ஆனால் நான் கையெழுத்து வைக்கவில்லை. "இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தது நீ தச்சு வேலை செய்யவோ? சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டேன். சொல்லி முடிக்கும்போதே அது என்னுடைய குரல் இல்லை, அப்பாவின் குரல் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நான் செய்தால் பொழுதுபோக்கு, அவன் செய்தால் குறைவு!

அவன் கணக்கியல் படித்தான். நல்லாய் இருக்கிறான். அந்த மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறான். நான் பெரிய அநியாயம் செய்துவிட்டேன் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரேயொரு தரம் கேட்டான்: "அப்பா, உங்களுக்கு இவ்வளவு பிடிச்ச வேலையை எனக்கு ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?" என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. பதில் இன்றைக்கு இந்த மேடையில் சொல்லிவிட்டேன். தம்பி, பயம்தான். வேறொன்றும் இல்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளை டொக்டராய் வரட்டும், எஞ்சினியராய் வரட்டும், சந்தோஷம். ஆனால் தச்சுத் தொழிலோ மின்சார வேலையோ பழகப் போகிறேன் என்று ஒரு பிள்ளை படிவத்தோடு வந்தால், என்னைப்போல் அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதையுங்கோ. வாங்கி வாசியுங்கோ. ஏன் விருப்பம் என்று கேளுங்கோ. பிள்ளையையும் அடித்தட்டு மாதிரித்தான் நினைக்கிறேன். அசையக்கூடாது என்று சுற்றிவரப் பசை பூசினால், பிளக்கிற சத்தம் ஒரு வின்ரர் இரவில்தான் கேட்கும்.

பழக விரும்புகிறவர்களுக்கு: மல்கம் ரிபெற்ஸ் என்ற அமெரிக்கர் இந்தத் துண்டுக் கடைச்சலைப் பற்றி 2005இல் எழுதிய நல்ல புத்தகம் ஒன்று இருக்கிறது. நூலகத்தில் கேட்டுப் பாருங்கோ. புத்தகத்தைவிடக் கையால் பழகுவது சுகம் என்றால், வைகாசி பிறந்து குளிர் விட்டதும் சனிக்கிழமைகளில் என் கராஜ் திறந்திருக்கும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை பேதமில்லை. காசு வேண்டாம். முகமறைப்பு மட்டும் கொண்டு வாருங்கோ.

பெண் பிள்ளை என்று ஏன் சொன்னேன் என்றால், கிண்ணத்தில் அந்தச் சிவப்புச் செரி வளையம் என்னுடைய வேலை இல்லை. என் பேத்தி செய்தது. மூன்றாம் வரிசையில் இருக்கிறவரின் மகள்தான். 12 துண்டும் அவளே வெட்டி, அவளே தேய்த்து ஒட்டினவள். ஒரு மூட்டில் மயிரிழை இடைவெளி இருக்கிறது, பார்த்தால் தெரியும். "அப்பப்பா, கழட்டித் திரும்பச் செய்வமோ?" என்று கேட்டாள். மேலும் கீழும் உள்ள வளையம் பிடிக்கும், இருக்கட்டும் என்றேன். செரி இப்போது இளஞ்சிவப்பு. வெளிச்சம் படப்பட வருடத்துக்கு வருடம் கறுக்கும். வால்நட் மெல்ல வெளிறும். இன்னும் இருபது வருடத்தில் இந்தக் கிண்ணத்தின் நிறம் இன்றைக்கு நீங்கள் பார்க்கிற நிறமாய் இருக்காது. அப்போதும் இதிலிருந்து யாராவது கைவிசேஷம் கொடுத்தால் எனக்குப் போதும்.

கடைசியாக ஒன்று. எங்கள் கராஜில் நான் செய்த ஒரு கதிரை இருக்கிறது. கால் நாலும் மேப்பிள், கடைந்த கால், ஊரில் ஆசாரியார் கடைந்த அதே வடிவம். பழக வருகிறவர்கள் யாரும் அதில் இருக்கலாம். அந்த மனிசன் உயிரோடு இருந்திருந்தால் முதலில் அவரைத்தான் இருத்தியிருப்பேன்.